கத்தரி இலை ஓரம் கருகுகிறது, கிணற்றில் உப்பு ஏறிவிட்டது

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் மணல் தரையில் 15 சென்ட் கத்தரி போட்டிருக்கிறேன். கடல் கூப்பிடு தூரம்தான். கார்த்திகை கடைசியில் நட்டது, முதல் இரண்டு பறிப்பு நன்றாகவே வந்தது. மாசி பாதியிலிருந்து அடி இலைகள் ஓரத்தில் பழுத்து, பிறகு காய்ந்த காகிதம் போல் கருகுகின்றன. பூ நிற்காமல் உதிர்கிறது. காலையில் பாத்தி மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது.

முதலில் பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய்க் கரைசலை இரண்டு முறை அடித்தேன். அசுவினி, சிலந்தி எதுவும் இலையடியில் இல்லை. அப்புறம்தான் தண்ணீரைச் சோதித்தேன்: உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன் (EC) 3.8 dS/m. மழைக்காலம் முடிந்தவுடன் 1.4தான் இருந்தது. கிணறு 14 அடி. நம் கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதந்து நிற்கும், மோட்டாரை அதிக நேரம் ஓட்டினால் கீழே இருப்பது மேலே ஏறிவிடும். நான் ஒரே மூச்சில் 2 மணி நேரம் ஓட்டிவிட்டேன், தப்பு அதுதான் என்று இப்போது புரிகிறது.

இப்போது காலையும் மாலையும் 20 நிமிடம் மட்டும் ஓட்டுகிறேன். தொழுவுரம் போட்டு, பனை ஓலையால் மூடாக்கும் போட்டாயிற்று. ஜிப்சம் 10 கிலோ தூவி மூன்று வாரம் ஆகிறது, மாற்றமில்லை. ஊருணியில் தண்ணீர் வற்றிவிட்டதால் கலந்து விடவும் வழியில்லை. 300 செடி இன்னும் உயிரோடு இருக்கிறது, விட மனசு வரவில்லை.

இதே அளவு உப்புத் தண்ணீரில் கத்தரியைக் காப்பாற்றியவர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, செடிக்கு எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள்?