முறையை எடுத்தா புலி பூனையாகுது: பழைய கேமைப் பிடிச்சு புதுசு தேடினப்ப உறுத்தினது

நகரி_தறிச்சத்தம்:
ஆடுபுலி ஆட்டம்: 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டிப் பின்னாடி காலிப் புள்ளியில குதிச்சா ஆடு வெட்டு, புலி நகர முடியாம அடைச்சா ஆட்டுக்கு ஜெயம். நேரா வரேன். ஆடுபுலியில மாறி மாறி ஆடறதை எடுத்துட்டு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நகர்த்தற மாதிரி கோடாட்ல (கேம் செய்யற மென்பொருள்) ஒண்ணு செஞ்சேன். நகர்ந்த காய் 1.5 விநாடி அசையாது. தறிக்கூடத்து டிபன் நேரத்துல ரெண்டு பேர் கையில கொடுத்தாச்சு. புலிக்காரர் தாண்டறதுக்கு விரல் வைக்கிறார், அதுக்குள்ள பின்னாடி இருந்த காலிப் புள்ளியில ஆடு வந்து உக்காருது. மூணாவது தடவை விரலைத் திரையிலேயே வச்சுக்கிட்டு, "ஏமண்டி, இது புலியா பூனையா?"ன்னார்.

காரணம் புரிய ரெண்டு நாளாச்சு. புலியோட பலம் தாவறதுல இல்ல, முறையில இருக்கு. ஒரே சமயத்துல ரெண்டு ஆட்டை மிரட்டினா, ஆட்டுக்காரரால ஒரு ஓட்டையைத்தான் அடைக்க முடியும். முறை போனா ரெண்டையும் அடைச்சிடறார்.

ஊத்துக்கோட்டை_கரை:
டைமரைக் காய்க்குக் காய் வச்சதுதான் தப்புண்ணா. ஆட்டுப் பக்கம் முழுசுக்கும் ஒரே டைமர் வைங்க, அப்போ ஒரு ஓட்டைதான் அடைபடும். புலிக்கு மட்டும் தனித்தனி. 2 விநாடியில ஆரம்பிச்சு கால் கால் விநாடியா குறைச்சுப் பாருங்க. இன்னொண்ணு, 15 ஆடும் இறங்கற வரைக்கும் இறங்கின ஆடு நகரக்கூடாதுன்ற விதி இருக்கா? அது இல்லன்னா பத்தாவது ஆட்டுக்குள்ள புலி மூலையில முடங்கிடும்.

சித்தூர்_மாங்கா:
என்னை உறுத்தறது 2048, எண் டைலைத் தேய்ச்சுச் சேர்க்கற போன் கேம். 2014 பிப்ரவரியில அதே மாதிரி த்ரீஸ், மார்ச்ல 2048. ரெண்டும் 4×4 தான். த்ரீஸ்ல ஒரு ஸ்வைப்புக்கு ஒரு கட்டம்தான் நகரும், புது டைல் ஓரத்துலேருந்து வரும், அடுத்து என்ன வரும்னு மேலேயே குறிப்பு காட்டும். 2048ல சுவர் வரைக்கும் சறுக்கும், புது டைல் ஏதோ ஒரு காலிக் கட்டத்துல விழும், பத்துக்கு ஒன்பது தடவை 2. ரெண்டு போனையும் பக்கத்துல வச்சு இடது, கீழ், இடது, கீழ்னு கண்ணை மூடித் தேய்ங்க. 2048 கொஞ்ச தூரம் போகும். த்ரீஸ்ல 1 கூட 2 தான் சேரும், அதனால துணை கிடைக்காம நெரிஞ்சு சீக்கிரமே முடிஞ்சுடும். நகர்வுல கை வச்சதால வேற ஆட்டம். ஆனா கட்டத்தை மட்டும் 5×5 ஆக்கி "புது கேம்"னு போடறாங்களே, அதைத்தான் சகிக்க முடியல. 16 இடம் 25 ஆனா நெருக்கடியே போச்சு, அப்புறம் என்ன கேம்?

பழைய_ஜாய்ஸ்டிக்:
மாங்கா சொல்வது பாதிதான் சரி. மாற்றுவதற்கு முன் கழித்துப் பாருங்கள். டெட்ரிஸ் (1984) பென்டோமினோ என்ற புதிரிலிருந்து வந்தது. கண்ணாடிப் பிம்பத்தைத் தனியாக எண்ணினால் ஐந்து சதுரத்தில் 18 வடிவம், அதை நாலாகக் குறைத்ததும் 7. விழுந்துகொண்டிருக்கும்போதே மனம் எடை போட 18 அதிகம். வாம்பயர் சர்வைவர்ஸ் என்ற கேமில் சுடும் பட்டனே இல்லை, நகர்வது மட்டும்தான் உங்கள் வேலை.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பிடித்த கேமை ஒரு மணி நேரம் ஆடி, கை செய்யும் வேலைகளை வினைச்சொல்லாக எழுதுங்கள்: ஓடு, தாவு, சுடு, பொறுக்கு. ஒன்றை அடியுங்கள். மீதியைச் சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்து மூன்றே நாளில் ஓடவிடுங்கள். படம் வரைய உட்கார்ந்தால் மனசு ஒட்டிக்கொள்ளும், பிறகு தூக்கிப்போட வராது. எண்களைப் பத்து சதவீதம் தடவாதீர்கள். இரட்டிப்பாக்குங்கள், இல்லை பாதியாக்குங்கள். அப்போதுதான் வித்தியாசம் கண்ணில் படும். ஐந்து பேருக்குக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கே விரல் நிற்கிறது என்று மட்டும் குறியுங்கள். பிழை வந்தால் உடனே திருத்தாதீர்கள். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் (1978) 55 பகைவர்கள். சாகச் சாகக் கணினி வரைய வேண்டியது குறைந்து மிச்சமிருப்பவர்கள் வேகமெடுத்தார்கள். அதை உருவாக்கிய நிஷிகாடோ அந்தக் கோளாறை அப்படியே விட்டுவைத்தார். இன்றைக்கும் பதற்றமே அங்கேதான்.

வழக்கு பயம் இருப்பவர்களுக்கு: விதி பொது, தோற்றம் பொது அல்ல. 2012இல் அமெரிக்க நீதிமன்றத்தில் டெட்ரிஸ் நகல் ஒன்று தோற்றது. 10×20 பலகையின் அளவு வரை கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

நகரி_தறிச்சத்தம்:
ஆட்டுக்கு ஒரே டைமர் போட்டாச்சு. இப்போ புலி தாவுது. புலிக்கு 1.75ல ஆட்டுக்காரர் கத்தறார், 2ல புலிக்காரர் கொட்டாவி விடறார். ஜாய்ஸ்டிக் சார், இதுல எதைக் கழிக்கறது? புலியை ரெண்டாக்கட்டுமா?

ஊத்துக்கோட்டை_கரை:
வேணாம்ணா, ஆட்டைக் குறைங்க. 12 வைங்க.