டாம் சாயர் வந்த ஞாயிற்றுக்கிழமை

குழு: ஆச்சி வீடு

காலை 9:12

அம்மா: ஏல முருகா, கதிருக்கு என்ன புத்தகம் வாங்கிக் குடுத்த? பல்லு வெளக்காம தரையில உருண்டு உருண்டு சிரிக்கான்

முருகன் மாமா: டாம் சாயர்க்கா. மார்க் ட்வைன் எழுதுனது

அம்மா: செத்த எலி, அதைச் சுத்துறதுக்கு ஒரு கயிறுன்னு சத்தமா வாசிச்சுக் காட்டுதான். நான் தோசை ஊத்திட்டு இருக்கேன்

முருகன் மாமா: 😂😂 வெள்ளையடிக்கிற இடம்

சித்தி: எனக்கு மறந்துட்டுண்ணே. சொல்லு

முருகன் மாமா: 30 கஜ நீளம், ஒம்பதடி உசர மரவேலி. லீவு நாளும் அதுவுமா பாலி பெரியம்மா டாமைச் சுண்ணாம்படிக்க விட்டுருவா. இவன் என்னமோ ஓவியம் வரையுத மாதிரி தள்ளித் தள்ளி நின்னு பாப்பான். கேலி பண்ண வந்த பய, கையில இருந்த ஆப்பிளைக் குடுத்து ‘நானும் கொஞ்சம் அடிக்கேன்’னு கெஞ்சுவான். அப்புறம் வரிசைதான். வேலிக்கு மூணு பூச்சு ஆயிரும்

சித்தி: எலி போக வேற என்ன குடுத்தானுவ

முருகன் மாமா: 12 கோலி, தலைப்பிரட்டை ரெண்டு, ஒத்தக்கண்ணு பூனைக்குட்டி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, நாய்க்கழுத்துப் பட்டை. நாய் கிடையாது

ஆச்சி: 🎤 0:14

சித்தி: ஆச்சி நம்ம காம்பவுண்டுச் சுவரையும் ஞாபகப்படுத்துதா

அம்மா: மத்தவன் உழைப்பை ஏமாத்தி வாங்குதான். இது பிள்ளைக்குக் குடுக்குத புத்தகமா?

தாத்தா: பார்வதி, வேலியை விடு. ஞாயிறு பள்ளிக்கூடம் வருதுல்லா, அதைப் படி. ரெண்டு வசனம் ஒப்பிச்சா ஒரு நீல டிக்கெட். பத்து நீலம் ஒரு சிவப்பு. பத்து சிவப்பு ஒரு மஞ்சள். பத்து மஞ்சளுக்கு ஒரு பைபிள். ஆக 2000 வசனம். பைபிள் விலை 40 சென்ட்

தாத்தா: ஒரு பையன் நிறுத்தாம 3000 ஒப்பிச்சு அன்னையோட புத்தி பேதலிச்சுப் போனான்

சித்தி: அப்பா 😂

தாத்தா: டாம் மனப்பாடமே பண்ணல. வேலியில சம்பாதிச்ச சாமானைக் குடுத்து அதே பயலுவ கிட்ட டிக்கெட்டை வாங்கிட்டான். மேடையில நீதிபதி இயேசுவோட முதல் ரெண்டு சீடர் பேரு கேக்காரு

முருகன் மாமா: தாவீது, கோலியாத்து!!

சித்தி: ஐயோ. பேதுருவும் அந்திரேயாவும்லா. நான் மிஷன் ஸ்கூல்ல படிச்சவ, எனக்கே வயிறு வலிக்கு

தாத்தா: ஒப்பிக்கிறதுக்கு டிக்கெட் குடுத்தா பிள்ளைங்க டிக்கெட்டைத்தான் சேக்கும். 34 வருசம் வாத்தியாரா இருந்து பாத்துட்டேன். தப்பு வாத்தியார் பேர்லதான்

சித்தி: 1330 குறளும் சொன்னா பைபிள் கிடைக்குமாப்பா?

தாத்தா: 665 நீலம். அதாவது ஆறு மஞ்சள், ஆறு சிவப்பு, அஞ்சு நீலம். கிடைக்காது

சித்தி: குறளுக்கு ரெண்டு அடில்லா. அடிக்கு ஒரு வசனம்னு போடுங்க

தாத்தா: அப்படின்னா 1330 நீலம். பைபிள் போக மூணு மஞ்சள், மூணு சிவப்பு மிச்சம்

முருகன் மாமா: ரிட்டயர் ஆனாலும் விடமாட்டாரு

அம்மா: இந்தப் பய நெசமாவே இருந்தானா?

முருகன் மாமா: கதை 1876ல வந்தது. ட்வைன் வளந்தது மிசோரியில ஹானிபல்னு ஆத்தங்கரை ஊரு. தெரிஞ்ச மூணு பயலுவளைச் சேத்துத்தான் டாமை உண்டாக்குனேன்னு முன்னுரையில அவரே எழுதிருக்காரு

அம்மா: மூணு பேரா. அதான் பாத்தேன்

இரவு 8:40

அம்மா: ஒரு மணி நேரமா சிரிப்புச் சத்தமே இல்ல. சாப்பிடவும் வரமாட்டேங்கான்

முருகன் மாமா: எங்க இருக்கான்னு கேளு

அம்மா: குகைக்குள்ள வழி தப்பிட்டாம். மெழுகுவத்தி தீரப்போகுதாம். அந்தப் பொம்பளப்பிள்ளை அழுதாம்

முருகன் மாமா: கூப்பிடாதக்கா

அம்மா: தோசை ஆறுது

தாத்தா: ஆறட்டும்