'ஃபீவர்' முன்னால் 'எ' வேண்டுமா?

குகைக்காரன்: மகளுக்குத் திங்கள்கிழமையிலிருந்து காய்ச்சல். 'மை டாட்டர் ஈஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று லீவ் லெட்டர் எழுதி அண்ணன் மகளிடம் கொடுத்தனுப்பினேன். சிவப்புப் பேனாவில் 'ஃபீவர்' முன்னால் 'எ' போட்டுத் திரும்பி வந்திருக்கிறது. இருபது வருஷமாக இப்படித்தான் எழுதுகிறேன். தப்பா?

ஏற்காடு டீச்சர்: தப்பே இல்லைங்க. 'ஃபீவர்' 'எ'யோடும் வரும், இல்லாமலும் வரும். சளிக்கு மட்டும் 'எ' விடக்கூடாது: 'ஐ ஹாவ் எ கோல்ட்'. பிள்ளைகள் நிஜமாகவே தப்பு விடுவது 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்' என்பதில்தான். நோயைச் சொல்லும்போது 'ஹாவ்' போதும், 'ஹேவிங்' ஆகாது. அதைத் திருத்தித் திருத்தியே என் சிவப்பு மை தீர்கிறது.

வார்டு நர்ஸ்: 'எ' கிடக்கட்டும் டீச்சர். ஃபீவர் என்பது நோயே இல்லை, அறிகுறி. உடம்புச் சூடு 100.4 தாண்டினால் ஃபீவர் என்று சார்ட்டில் குறிக்கிறோம். எதனால் என்பது அதற்கப்புறம்தான் தெரியும். 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்றால் பாதி சேதிதான்.

ஏற்காடு டீச்சர்: அப்போ எல்லோ ஃபீவர், ஸ்கார்லெட் ஃபீவர் எல்லாம் நோயின் பெயர் இல்லையா? தமிழிலும் காய்ச்சல் என்ற ஒரே சொல்தானே இரண்டுக்கும்? லீவ் லெட்டர் கேஸ் ஷீட் இல்லைங்க. இலக்கணம் சரியாக இருந்தால் போதும்.

வார்டு நர்ஸ்: முன்னால் ஒரு பெயர் ஒட்டினால் நோய், தனியாக நின்றால் அறிகுறி. என் தம்பி மகன் தங்கியிருந்த ஹாஸ்டலுக்கு வெறும் 'ஃபீவர்' என்று எழுதினோம். மூன்றாம் நாள் டெங்கு என்று ரிசல்ட் வந்தது. அதை எழுதித் தெரிவிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. குழாயடித் தொட்டியில் தேங்கிய தண்ணீரை யாரும் கொட்டவில்லை. அதே அறையில் இன்னும் இரண்டு பையன்கள் படுத்தார்கள். அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால் தொட்டியையாவது கவிழ்த்திருப்பார்கள்.

ஏற்காடு டீச்சர்: இதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ரிசல்ட் வருவதற்கு முன்னால் 'ஃபீவர்' தவிர வேறென்ன எழுத முடியும்?

வார்டு நர்ஸ்: எந்த நாளிலிருந்து என்று எழுதலாம். டெஸ்ட் கொடுத்திருந்தால் அதையும் எழுதலாம். ரிசல்ட் வந்ததும் இன்னொரு வரி.

ஐந்து ரோடு டிடிபி: நான் நர்ஸ் அக்கா கட்சி. தேதி இல்லாத லெட்டரை மறுநாளே திருத்தி அடிக்க வருகிறார்கள்.

குகைக்காரன்: சரி, மாற்றிவிட்டேன்: 'மை டாட்டர் ஹாஸ் ஹாட் எ ஃபீவர் சின்ஸ் மண்டே. ப்ளட் டெஸ்ட் டன்.' 'எ' இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏற்காடு டீச்சர்: 'ஹாஸ் ஹாட்', 'சின்ஸ்' இரண்டும் சரி.

வார்டு நர்ஸ்: பாப்பாவுக்கு இப்போ எவ்வளவு இருக்கு?

குகைக்காரன்: 99.2 அக்கா. இப்போதான் கஞ்சி குடித்தாள்.