ஆரல்வாய்மொழிக் காற்றில் செடி பிடிக்கவில்லை, வழி சொல்லுங்கள்

வீடு ஆரல்வாய்மொழியில். மாடியில் நின்றால் முப்பந்தல் காற்றாலைகள் தெரியும், அப்புறம் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முன்பக்கம் 3 சென்ட், சரளை கலந்த செம்மண். மாலையில் நாற்காலி போட்டு உட்கார ஒரு தோட்டம் வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குப் பக்கத்து இலைகளெல்லாம் ஓரத்தில் கருகுகின்றன. செம்பருத்தி, நந்தியாவட்டை போய்விட்டன, முருங்கை முறிந்தது. காகிதப்பூவும் அடீனியமும் மட்டும் அசரவில்லை. போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1,700. மண்மேல் வெள்ளையாகப் படிகிறது.

பச்சை நிழல்வலை கட்டினேன், பத்தே நாளில் கிழிந்தது. தூரில் கதம்பை (தேங்காய் மட்டை) பரப்பியதில் ஈரம் நிற்கிறது, கருகல் நிற்கவில்லை. சொட்டுநீர் போட்டேன், துவாரங்களில் உப்பு அடைக்கிறது. ஐப்பசி மழையில் நட்டவை ஆனி வரை நன்றாகத்தான் இருந்தன.

ஆகவே முதலில் மேற்கே 40 அடிக்கு உயிர்வேலி போட நினைக்கிறேன். இந்தக் காற்றையும் உப்புத் தண்ணீரையும் சேர்த்துத் தாங்க சவுக்கு, பூவரசு இரண்டில் எதை, எத்தனை அடி இடைவெளியில் நடலாம்?