அமெரிக்காவுல யார் ஜெயிச்சாங்கன்னு பத்திரிகைக்காரங்க சொல்றாங்களே, அது தப்பா போனா?

பிளேனோவாசி:
ரொம்ப நாளா மனசுல இருக்கற கேள்வி, இங்க நியூஸ் ஃபீல்டுல வேலை பார்த்தவங்க சிலர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்கறேன். 2024 நவம்பர் தேர்தல் அன்னிக்கு ராத்திரி என் மாமனார் எங்க வீட்ல இருந்தார். ஊர்ல கூட்டுறவு வங்கியில இருந்து ரிடையர் ஆனவர், எலெக்‌ஷன் டியூட்டி, கவுண்டிங் டியூட்டின்னு பல தடவை போயிருக்கார், அதனால டிவி முன்னாடி உக்காந்தவர் எந்திரிக்கவே இல்ல. விடியக்காலை இங்க டெக்சஸ்ல நாலரை மணி இருக்கும், என்னை எழுப்பி "மாப்ளே, ஏபின்னு ஒருத்தன் ட்ரம்ப் ஜெயிச்சாச்சுங்கறான், யாரு அது, எலெக்‌ஷன் கமிஷனா?"ன்னு கேட்டார். இல்ல மாமா, அது அசோசியேட்டட் பிரஸ்னு ஒரு செய்தி ஏஜென்சின்னேன். அவருக்கு தூக்கிவாரிப் போட்டுது. "ஒரு பத்திரிகைக்காரன் சொன்னா ஜனாதிபதியா? அவன் தப்பா சொல்லிட்டா?"

என்னால பதில் சொல்ல முடியல. பாதி நாடு மீடியாவை நம்பலங்குது, ஆனா அந்த ராத்திரி மட்டும் எல்லாரும் அவங்க வாயத்தான் பாக்கறோம். இது எப்படி நடக்குது?

ராலே மீனா:
சட்டப்படி ஏபி சொல்றதுக்கு ஒரு மதிப்பும் இல்லங்க. எலெக்‌ஷன் நடத்தறது கவுண்டிங்க, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, நாடு முழுக்க மூவாயிரத்துக்கு மேல இருக்கு. அதை ஸ்டேட் சர்ட்டிஃபை பண்ணும், டிசம்பர்ல எலெக்டர்ஸ், அதாவது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு ஸ்டேட்டும் அனுப்பற பிரதிநிதிங்க, கூடி வோட்டு போடுவாங்க, ஜனவரி 6 காங்கிரஸ்ல எண்ணுவாங்க, அதான் அஃபிஷியல். நம்ம ஊர் மாதிரி எல்லாத்தையும் கூட்டி அன்னிக்கே அறிவிக்கற ஒரே ஆபீஸ் இங்க கிடையாது, அந்த இடத்தைத்தான் ஏபி 1848லேர்ந்து நிரப்பிக்கிட்டு வருது. கிட்டத்தட்ட எல்லா கவுண்டி ஆபீஸ்லயும் அவங்க ஆள் நின்னு நம்பர் வாங்கி அனுப்புவாங்க.

நைட் டெஸ்க்:
தம்பி, உங்க மாமனார் கேட்டது சரியான கேள்வி, இந்த வேலையில இருந்த எங்களுக்கே அது தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. நான் இங்க ஒரு சின்ன ஊர் டெய்லியில இருபது வருஷத்துக்கு மேல நைட் எடிட்டரா இருந்தேன், பேப்பர் பேர் வேண்டாம்.

தப்பா போயிருக்கு. 2000 நவம்பர் 7, கோருக்கும் புஷ்ஷுக்கும் நடந்த ஜனாதிபதி தேர்தல். சாயங்காலம் எட்டு மணி ஆகறதுக்கு முன்னாடியே டிவிக்காரங்க ஃப்ளோரிடா கோருக்குன்னுட்டாங்க, அந்த ஸ்டேட்டோட மேற்கு ஓரத்துல டைம் ஜோன் வேற, அங்க பூத்தே இன்னும் மூடல! பத்து மணி வாக்குல வாபஸ் வாங்கினாங்க. அப்புறம் ராத்திரி ரெண்டேகாலுக்கு ஃபாக்ஸ் டிவி ஃப்ளோரிடா புஷ்ஷுக்கு, அதனால அவரே ஜனாதிபதின்னுது, நாலஞ்சு நிமிஷத்துல மத்த சேனல் எல்லாம் வரிசையா அதையே சொல்லுது. கோர் புஷ்ஷுக்கு போன் பண்ணி வாழ்த்தே சொல்லிட்டார். எங்க ஆபீஸ்ல மேல இருந்து ஒரே நெருக்கல், எல்லாரும் போட்டாச்சு நாம ஏன் நிக்கணும்னு. புஷ்ஷுன்னு பெரிய எழுத்துல பிளேட் ஏத்தி மிஷின் ஓட ஆரம்பிச்சாச்சு. என் டேபிள்ல ஏபி செய்தி வந்து விழற ஒயர் மட்டும் புஷ்னு சொல்லவே இல்ல. நான் அந்த ஸ்கிரீனையே ரெஃப்ரெஷ் பண்ணிப் பண்ணி பாக்கறேன், வயித்தை கலக்குது, ஏன் இவன் மட்டும் சொல்லலன்னு. நாலு மணிக்கு டிவிக்காரங்க மறுபடி வாபஸ். நான் பிரஸ்ஸுக்கு ஓடினேன், ஃபோர்மேன் மை கையோட சிவப்பு பட்டனை அமுக்கினார், மிஷின் நின்னப்போ அந்த சத்தம் அடங்கினது இப்பவும் காதுல இருக்கு. ஆனா முதல் வண்டி கிளம்பி போயிடுச்சு. அந்த பண்டல் போன ஊர்க்காரங்க எல்லாம் காலையில தப்பான பேப்பரைத்தான் படிச்சாங்க, அதுக்கு என் கையெழுத்தும் உண்டு.

ஏன் எல்லாரும் சேர்ந்து தப்பு பண்ணாங்க? சேனல்கள் எல்லாம் ஒரே கம்பெனிகிட்ட நம்பர் வாங்கினாங்க. அதுல ஃப்ளோரிடாவோட வொலூசியா கவுண்டியில ஒரு பூத்துல கோருக்கு மைனஸ் 16,022 வோட்டுன்னு ஒரு கோளாறு. வோட்டு எப்படி மைனஸ்ல போகும்? ஒருத்தர் அந்த கவுண்டிக்கு போன் போட்டு கேட்டிருந்தா முடிஞ்சுது. ஏபி தனியாவும் எண்ணிக்கிட்டிருந்தாங்க, அதனால நின்னாங்க. கடைசியில புஷ்தான் ஜெயிச்சார், ஆனா ஃப்ளோரிடாவுல வெறும் 537 வோட்டு வித்தியாசம், சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு டிசம்பர் 12.

இதுக்கு முன்னாடியே பெரிய பாடம் ஒண்ணு இருக்கு, 1950 பிப்ரவரி 9, வெஸ்ட் வர்ஜீனியாவுல வீலிங்ங்கற ஊர். செனட்டர் மெக்கார்த்தி வெளியுறவுத் துறையில 205 கம்யூனிஸ்ட்னு மேடையில சொன்னார், உள்ளூர் பேப்பர் போட்டுது, ஒயர்ல நாடு முழுக்க போச்சு. கொஞ்ச நாள்ல அவரே 57ன்னார். லிஸ்ட்டை யாரும் பாக்கல. ஆனா "செனட்டர் சொன்னார்"னு எழுதினா அது உண்மைதானே, அவர் சொன்னாரே! அப்படித்தான் நாங்க எல்லாரும் கத்துக்கிட்டோம், ரெண்டு பக்கமும் கேட்டு எழுதிட்டா கடமை முடிஞ்சுதுன்னு. எத்தனை பேர் வேலை போச்சு அதுல. பொய்யை கோட்ஸுக்குள்ள வெச்சு பெரிய எழுத்துல போட்டா ஜனங்க மனசுல நிக்கறது அந்த பொய்தான், கீழ ஆறாவது பாராவுல இருக்கற மறுப்பை யாரு படிக்கறா.

2020ல அது திரும்ப வந்துது. வோட்டு எண்ணிக்கிட்டே இருக்கறப்போ ராத்திரி ரெண்டரை மணிக்கு ட்ரம்ப் நாம ஜெயிச்சாச்சுன்னார். "ஜெயிச்சதாக ட்ரம்ப் அறிவிப்பு"ன்னு போடறதா, "எண்ணி முடியல, ஜெயிச்சாச்சுன்னு ட்ரம்ப் தப்பா சொல்றார்"னு போடறதா? ரெண்டாவதுதான் சரி. அப்படி எழுதினா கட்சி கட்டறான்னு திட்டுவாங்க, திட்டு வாங்கித்தான் ஆகணும்.

உண்மை விளம்பி:
எல்லாம் சரி சார், ஆனா முதலாளி யாருன்னு பாருங்க. வாஷிங்டன் போஸ்ட் பேப்பரை அமேசான் பெசோஸ் 2013ல 25 கோடி டாலருக்கு வாங்கினார். 2024 அக்டோபர்ல எலெக்‌ஷனுக்கு பதினோரு நாள் இருக்கறப்போ நாங்க யாரையும் ஆதரிக்க மாட்டோம்னுட்டாங்க, கமலா ஹாரிஸை ஆதரிச்சு ரெடியா இருந்த தலையங்கம் நின்னு போச்சு. ரெண்டரை லட்சம் பேர் சந்தாவை நிறுத்தினாங்களாம். ஏபிசி டிவிக்காரங்க ட்ரம்ப் போட்ட மானநஷ்ட கேஸை 1.5 கோடி டாலர் கொடுத்து முடிச்சுக்கிட்டாங்க. இவங்களையா நம்பறது?

நைட் டெஸ்க்:
நீங்க கோவப்படறது நியாயம், எனக்கும் அதே கோவம்தான். அந்த போஸ்ட்டை எட்டு வருஷம் நடத்தின எடிட்டர் மார்ட்டி பாரனே அந்த முடிவை கோழைத்தனம்னு பப்ளிக்கா சொன்னார். 2017ல ட்ரம்ப் மீடியாவோட யுத்தம்னு சொன்னப்போ, நாங்க யுத்தத்துல இல்ல, வேலையில இருக்கோம்னு சொன்னவரும் அவர்தான், அதை நான் டெஸ்க்ல ஒட்டி வெச்சிருந்தேன்.

ஆனா ஒண்ணு, சந்தாவை நிறுத்தினா பெசோஸுக்கு வலிக்காது, கவுண்டி கூட்டத்துல ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து நோட்ஸ் எடுக்கற ரிப்போர்ட்டருக்குத்தான் வலிக்கும். 2005லேர்ந்து இந்த நாட்டுல மூணுல ஒரு பங்கு பேப்பர் மூடியாச்சு. எங்களதுல நான் சேர்றப்போ சிட்டி ஹால், ஸ்கூல் போர்டு, கோர்ட்டு மூணுக்கும் தனித்தனி ஆள், நான் கிளம்பறப்போ மூணுக்கும் சேர்த்து ஒரு பொண்ணு, அதுவும் பாதி நாள் ஃபோட்டோவும் அவளே எடுக்கணும். மைனஸ் 16,022ன்னு ஒண்ணு வந்தா கவுண்டிக்கு போன் போட்டு கேக்கற ஆளு அவதான், அவளையும் போன வருஷம் அனுப்பிட்டாங்க.

பிளேனோவாசி:
அண்ணா, இதை அப்படியே மாமாவுக்கு வாட்ஸ்அப்ல படிச்சு காட்டினேன். மைனஸ் வோட்டு கதையில நிறுத்தச் சொன்னார். அவர் கவுண்டிங் போனப்போ ஒரு ரவுண்டு டேலி ஆகலன்னு எல்லா ஏஜெண்டையும் கூப்பிட்டு மறுபடி கூட்டினாங்களாம், விடிஞ்சுதான் வீட்டுக்கு வந்தாராம். அந்த பொண்ணு இப்ப எங்க இருக்குன்னு கேக்கறார்.

நைட் டெஸ்க்:
பக்கத்து ஊர்ல ஹாஸ்பிடல் பில்லிங்ல இருக்கா தம்பி. செவ்வாய்க்கிழமை சிட்டி ஹால் கூட்டத்துக்கு மட்டும் இன்னும் சொந்த செலவுல போய் உக்காந்து எழுதி ஃபேஸ்புக்ல போடறா. முந்நூறு பேர் படிக்கறாங்க. போடறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புவா, நான் நம்பரை எல்லாம் ஒரு தடவை கூட்டிப் பாத்து திருப்பி அனுப்பறேன்.