அம்மாவின்ர குளிசைகள்: இதில எதை நிப்பாட்டலாம்?

வெள்ளவத்தைப்பிள்ளை:
அம்மாவுக்கு 74. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் 25 மி.கி. கனகாலமா எடுக்கிறா. கால் எரிவுக்கு இரவில அமிட்ரிப்டிலின் 25. மூண்டு கிழமைக்கு முதல் சனல் பண்ணின (தனியார் டொக்டரிட்டக் காட்டின) இடத்தில மனச்சோர்வுக்கு எசிட்டலோப்ராம் 10, நித்திரைக்குக் குளோனசெபாம் 0.5. தடிமனுக்குப் பாமசியில பிரிட்டோனும் வாங்கினது. மூண்டு நாளா தள்ளாடுறா, பின்னேரமானா ஆளை மாறிக் கூப்பிடுறா.

கொட்டாஞ்சேனை மருந்தாளர்:
நீங்களா விடக்கூடியது பிரிட்டோன் மட்டும்தான். அதுவும் அமிட்ரிப்டிலினும் அசிட்டைல்கோலினைத் தடுக்கிற சாமான். வாய் காயும், மலம் இறுகும், சலம் அடைக்கும், வயசானவைக்கு மூளையும் குழம்பும். மூக்கு ஓடினா லொராட்டடின் கேளுங்கோ. குளோனசெபாமைச் சடாரெண்டு விட்டா பதகளிப்பு, சிலவேளை வலிப்பு. அதை டொக்டர்தான் படிப்படியாக் குறைக்கோணும்.

தெஹிவளை அண்ணா:
பிரிட்டோனோட நிக்காதேங்கோ, எனக்குச் சந்தேகம் ரத்தத்தில சோடியம் (உப்பு) குறைஞ்சுபோச்சோ எண்டுதான். எசிட்டலோப்ராம் உடம்பில தண்ணியைப் பிடிச்சு வைக்கும், தயசைட் உப்பைச் சலத்தோட கழிக்கும். வயசான பொம்பிளையளுக்குப் புதுக் குளிசை தொடங்கின முதல் மாதத்திலதான் இது கூடுதலா விழுறது. சீரம் எலெக்ட்ரோலைட் எண்டு கேளுங்கோ, பட்டினி கிடக்கத் தேவையில்லை. சோடியம் சாதாரணமா 135–145 mmol/L. 125க்குக் கீழ எண்டா வோட்டில வைச்சுத்தான் பார்க்கோணும். ஆனா ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காதேங்கோ. புதுசா ஆள் குழம்பினா இண்டைக்கே டொக்டரிட்டக் காட்டவேணும், சலத்தில கிருமியும் பார்க்கச் சொல்லுங்கோ. எழுப்ப எழும்பாட்டி, இல்லாட்டி வலிப்பு வந்தா 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. உப்புக் கரைச்சுப் பருக்கிற வேலை வேண்டாம்.

வெள்ளவத்தைப்பிள்ளை:
இண்டைக்கே கூட்டிக்கொண்டு போறன். காலமை வயித்து அமிலத்துக்கு ஒமெப்ரசோலும் ஒண்டு எடுக்கிறா, சொல்ல மறந்துபோனன். முழங்கால் நோவுக்கு ட்ரமடோல் எழுதின மருந்துத் துண்டும் கிடக்கு, இன்னும் வாங்கேல்ல.

கொட்டாஞ்சேனை மருந்தாளர்:
நல்லது, வாங்காதேங்கோ. எசிட்டலோப்ராமோட ட்ரமடோல் சேர்ந்தா செரோட்டோனின் கூடிப்போய் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசை துடிப்பு வரும். வலிப்பு ஆபத்தும் ஏறும். டொக்டர் வேற சொல்லும்வரை பனடோல். ஒமெப்ரசோல் எசிட்டலோப்ராமை ரத்தத்தில கூட்டிவிடும். 65க்கு மேல அதின்ர உச்ச அளவே 10தான், அவ ஏற்கெனவே அதில நிக்கிறா. அமிட்ரிப்டிலினும் கூட இருக்கிறதால இதயத் துடிப்புப் பிசகுதோ எண்டு பார்க்க ஈசிஜி ஒண்டு கட்டாயம்.

போகேக்க அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதேங்கோ, தனியார் துண்டுகள் அதில ஏறியிருக்காது. வீட்டில இருக்கிற எல்லாக் குளிசையையும், முடிஞ்ச குளிசையளின்ர வெறும் கார்ட்டுகளையும் ஒரே பையில போடுங்கோ. கடுதாசி உறையில ‘இரவு 1’ எண்டு மட்டும் கிறுக்கியிருந்தா, வாங்கின பாமசியில மருந்தின்ர பேரையும் மி.கி.யையும் எழுதித் தரச் சொல்லுங்கோ.