ஏறினேனா, ஏற்றினேனா: பிரெஞ்சு இறந்தகாலத்தில் அவரவர் தடுக்கிய இடம்

பஸே கொம்போஸே என்கிற பிரெஞ்சு இறந்தகாலம் எனக்கு முதலில் சுலபமாகத்தான் வந்தது. பேசு என்பதற்கான பர்லே மாதிரி ஈ-ஆரில் முடிகிற ஒழுங்கான வினை என்றால், அந்த இரண்டு எழுத்தையும் எடுத்துவிட்டு, தலையில் சாய்கோடு போட்ட ஈ-யை ஒட்ட வேண்டும். முன்னால் துணைவினையாக, வைத்திரு என்று பொருள்படும் அவுவார் வினையின் நிகழ்காலம். ழே பர்லே, த்யூ ஆ பர்லே, இல் ஆ பர்லே, நூஸவோன் பர்லே, வூஸவே பர்லே, இல்ஸோன் பர்லே. பேசினேன், பேசினாய், பேசினார்கள் என்று நமக்கு விகுதி காட்டுகிற ஆளை அங்கே அவுவார் காட்டுகிறது. பர்லே அசையாமல் நிற்கிறது. இது பிடிபட்டதும், முடி என்கிற ஃபினீர் ஃபினி ஆவதும், விற்பனை செய் என்கிற வாந்த்ர் வாந்த்யூ ஆவதும் தானாக வந்துவிட்டன.

முட்டியது மோந்தேயில். வகுப்பில் ஒரு பயணத்தைப் பற்றிப் பேச வேண்டும். ரயிலில் ஏறினேன் என்று சொல்ல நினைத்து, "ழே மோந்தே" என்று ஆரம்பித்தேன். ஆசிரியை உடனே, "க்வா?" என்றார். எதை? ரயிலில்தான் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு மறுபடியும், "சரி, எதை?" என்று கேட்டார். ஒரு பெட்டியைத் தூக்கி மேலே வைப்பதுபோல் கையால் காட்டினார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

ராத்திரி குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிப் பார்த்தேன். ழ ஸ்வி மோந்தே: ஏறினேன். ழே மோந்தே லா வலீஸ்: பெட்டியை ஏற்றினேன். பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினையும் பிறவினையும்! நாம் வினையையே மாற்றுகிறோம். அவர்கள் வினையை விட்டுவிட்டுத் துணைவினையை மாற்றுகிறார்கள். ஏறு என்றால் எத்ர், அதாவது இரு என்ற வினை, ஸ்வி அதன் வடிவம்தான். ஏற்று என்றால் அவுவார். இறங்கினேன், ழ ஸ்வி தெசாந்த்யூ. இறக்கினேன், ழே தெசாந்த்யூ. திரும்பினேன், ழ ஸ்வி ரதூர்னே. சீட்டைத் திருப்பினேன், ழே ரதூர்னே லா கார்த். எத்ர் வரும் வினைகளை ஒரு வீட்டுப் படமாக வரைந்து, வாசலில் சில, மாடியில் சில என்று மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எந்த வினை எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்தப் படம் எனக்குச் சொல்லவில்லை, தமிழ்தான் சொன்னது. இதை வேறு யாராவது கவனித்திருக்கிறீர்களா?

*

கவனித்திருக்கிறேன், நல்ல வழிதான். ஆனால் ஒரு இடத்தில் காலை வாரிவிடும். மாடிப்படி ஏறினேன் என்பது நமக்குத் தன்வினை. அதை நம்பி நான் எத்ர் போட்டேன், தவறு. ழே மோந்தே லெஸ்காலியே என்பதுதான் சரி. பிரெஞ்சில் படிக்கட்டு அங்கே நேர்ச் செயப்படுபொருள், நடுவில் முன்னிடைச்சொல் எதுவும் இல்லை. அதனால் ஏறு, ஏற்று என்று பார்த்ததும், அடுத்த சொல் வினையோடு நேராக ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒட்டினால் அவுவார். அப்புறம் பஸே என்ற வினை. ழே பஸே லெக்ஸாமன் என்றால் தேர்வு எழுதினேன் என்றுதான் பொருள், தேறிவிட்டேன் என்றல்ல. நான் அதைக் கேட்டு ஒரு தோழியை அவசரப்பட்டு வாழ்த்திவிட்டேன். பாவம், அவளுக்கு இன்னும் முடிவே வரவில்லை.

*

எனக்கு எதிர்மறைதான் பாடாய்ப் படுத்தியது. பேசவில்லை என்று நமக்கு இல்லை கடைசியில் வருகிறது. அந்தப் பழக்கத்தில் பா என்ற பிரெஞ்சு எதிர்மறைச் சொல்லையும் கடைசியில் வைத்துக்கொண்டே இருந்தேன். அது துணைவினையை அடுத்து உட்கார வேண்டும்: ழ நே பா பர்லே. பல மாதம் ஆனது, அதுவும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான்.

*

நீங்கள் எல்லோரும் பேச்சில் தடுக்கியிருக்கிறீர்கள். நான் திக்தேயில், அதாவது சொல்வதை எழுதுதலில். பேசுவது, பேசிய, பேசுகிறீர்கள், மூன்றும் காதுக்கு ஒரே பர்லே. எழுத்தில் முடிவு மூன்று விதம். பிரெஞ்சுக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிற உத்திதான் என்னைக் காப்பாற்றியது. சந்தேகமான இடத்தில் வாந்த்ர் வினையை வைத்துப் பார்க்க வேண்டும். வாந்த்ர் பொருந்தினால் ஈ-ஆர். வாந்த்யூ பொருந்தினால் சாய்கோட்டு ஈ.

ஆனால் அந்த உத்தியும் உதவாத ஒரு வரி உண்டு. லா லெத்ர் க ழே போஸ்தே, நான் அஞ்சலில் சேர்த்த கடிதம். கடிதம் பெண்பால், வினைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதனால் அவுவார் இருந்தும் போஸ்தேயின் முடிவில் இன்னொரு ஈ சேர்க்க வேண்டும், அது ஒலிக்காது. எழுதிய கடிதம் என்றாலாவது எக்ரி, எக்ரித் ஆகிக் காதுக்குக் காட்டிக்கொடுக்கும். ஒழுங்கான வினைகளில் அந்தத் தயவு கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் க்ளெமான் மாரோ என்ற கவிஞர் இந்த விதிக்காகப் பரிந்து ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். எத்ர் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம், பொதுவாக எழுவாய் பெண்ணா, பலரா என்று பார்த்தால் போதும்.

*

முதலில் எழுதியவள்தான். படிக்கட்டு விஷயம் எனக்குத் தெரியாது, குறித்துக்கொண்டேன். கடைசிப் பகிர்வைப் படித்ததும் அந்தப் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். ழ ஸ்வி மோந்தே என்று நான் எழுதிய வரியின் முடிவில், ஆசிரியை பச்சை மையில் ஒரு சின்ன ஈ சேர்த்திருக்கிறார். ஏதோ பேனா பட்ட கறை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.